நாத்தனாரும் வைக்கோல் சீப்பும்

ஜனவரி 19, திங்கள்

அறுவடை முடிந்தது. காலையில் இறங்கிய அறுப்பு மெஷின் மதியத்துக்குள் நாலு ஏக்கரையும் முடித்துவிட்டு அடுத்த வயலுக்குப் போய்விட்டது. நெல் கொள்முதலுக்குப் போயாயிற்று. வைக்கோல் மட்டும் மெஷின் துப்பிய இடத்திலேயே கிடக்கிறது. நன்றாகக் காய்ந்துவிட்டால் கட்டு மெஷின்காரர் வந்து உருட்டிக் கட்டிக் கொடுத்துவிடுவார். ஐந்து மாடுகளுக்கும் அடுத்த அறுவடை வரைக்கும் அதுதான் சாப்பாடு.

பொங்கலுக்கு வந்த நாத்தனார் இன்னும் கிளம்பவில்லை. கோமளாவுக்குத் திருப்பூரில் பனியன் கம்பெனி வேலை. கல்யாணம் வேண்டாம் என்று சொல்லிவிட்டுப் போனவள், பத்துப் பன்னிரண்டு வருஷமாக அங்கேதான் இருக்கிறாள். எப்போதும் ஒரு தோள்பையோடு வந்து கறி சாப்பிட்டுவிட்டு மறுநாள் பஸ் ஏறிவிடுவாள். இந்தத் தடவை இரண்டு பெரிய பை, ஒரு தலையணை, ஒரு டேபிள் ஃபேன். லீவு நிறைய மிச்சம் இருக்கிறதாம். இருக்கட்டும், எனக்கென்ன. ஆனால் அடுப்படியில் உப்பு ஜாடியையும் சர்க்கரை ஜாடியையும் இடம் மாற்றி வைத்திருக்கிறாள். இன்று காபியில் உப்பு.

இந்த டைரி அவர் மஸ்கட்டிலிருந்து கொடுத்தனுப்பியது. ஒத்தையில் கிடக்கிறாய், எதையாவது எழுது என்றார். மாமியார் போனபிறகு இந்த வீட்டில் பேச்சுத் துணைக்கு மாடுகள்தான். அவை எதிர்த்துப் பேசாது. ஜாடியையும் நகர்த்தாது.

ஜனவரி 20, செவ்வாய்

மழை. தை மாதத்தில் யார் கேட்டது இதை.

ஜனவரி 21, புதன்

மதியம் வரை விடவில்லை. பிறகு ஒன்றும் தெரியாததுபோல் வெயில் அடித்தது. வயலுக்குப் போய்ப் பார்த்தேன். மேலே மஞ்சளாக இருக்கிறது, கையை உள்ளே விட்டால் சொதசொதவென்று ஈரம்.

கட்டு மெஷின் மாதேஸ்வரன் வந்தார். ஆத்தூர்க்காரர், நல்ல மனுஷன், வருஷா வருஷம் இந்தப் பக்கம் வருபவர். ஒரு பிடி வைக்கோலை எடுத்து முறுக்கி, முகர்ந்து பார்த்து, தலையை ஆட்டினார். ஈரத்தோடு கட்டினால் கட்டுக்குள்ளேயே வெந்து கறுத்துவிடும், மாடு மோந்துகூடப் பார்க்காது என்றார். அடிப்பக்கம் மேலே வருகிற மாதிரி புரட்டிப்போட்டு, காய்ந்ததும் வரிசை வரிசையாகக் கூட்டி வைத்தால் கட்டித் தருவாராம். அடுத்த புதன்கிழமை வரைக்கும் இந்த ஊரில்தான் இருப்பார். அப்புறம் ராமநாதபுரம் பக்கம் போய்விடுவார்.

நாலு ஏக்கரைக் கையால் புரட்ட ஆள் எங்கே இருக்கிறது? கூப்பிட்ட இடத்தில் எல்லாம் அவரவர் வயல் வேலை. மேலத்தெருவில் இரண்டு பேர் கொளுத்திவிடப் போவதாகச் சொன்னார்கள். எனக்கு மனசு வரவில்லை.

ராத்திரிச் சாப்பாட்டின்போது கோமளாதான் ஆரம்பித்தாள். ஜெகநாதன் மாமா தோப்பில் ஒரு சீப்பு கிடக்குமே, அது என்ன ஆச்சு என்றாள். நாலைந்து வருஷம் முன்பு அவர் சொந்தமாகக் கட்டு மெஷின் வைத்திருந்தார். அதோடு வந்தது, டிராக்டருக்குப் பின்னால் மாட்டி வைக்கோல் வாருகிற கருவி. பெரிய பெரிய சக்கரம், சக்கரத்தைச் சுற்றிலும் கம்பிப் பல். ஊரில் அதற்குச் சீப்பு என்றுதான் பெயர். மெஷினை விற்றவர் அதை யாரும் வாங்காததால் போட்டுவிட்டார்.

அதெல்லாம் துருப்பிடித்துப் போயிருக்கும் என்றேன். துருதானே அண்ணி என்றாள்.

ஜனவரி 22, வியாழன்

சீப்பு வீட்டு வாசலில் நிற்கிறது. எப்படி வந்தது என்பதை எழுத வேண்டும்.

காலையில் ஜெகநாதன் மாமாவிடம் கேட்டோம். தாராளமாக எடுத்துக்கிட்டுப் போங்க, திருப்பித் தந்துடாதீங்க என்றார். அது வைக்கோலை வாராது, மண்ணைத்தான் வாரும் என்றும் சொன்னார். இரண்டு வருஷம் அதோடு மல்லுக்கட்டிப் பார்த்தவராம்.

தோப்பில் அது இருக்கிற இடமே தெரியவில்லை. பரங்கிக்கொடி ஏறி மூடியிருந்தது. கொடியை அறுக்க அவர் மனைவி ஒத்துக்கொள்ளவில்லை, பிஞ்சு விட்டிருக்கிறதாம். ஒவ்வொரு கம்பியிலிருந்தும் கொடியைப் பிரித்துப் பக்கத்துப் பந்தலில் ஏற்றிவிட்டோம். கோமளா அதைப் பிள்ளைக்குச் சிக்கெடுப்பது மாதிரி நிதானமாகச் செய்தாள். எனக்கு அவ்வளவு பொறுமை கிடையாது.

அடுத்த சிக்கல் டிராக்டர். எங்கள் டிராக்டர் கொல்லையில் நிற்கிறது, அதை ஓட்டுகிற காளியப்பன் லாரியில் நெல் லோடு அடிக்கப் போயிருக்கிறான். நாளை மறுநாள்தான் வருவான் என்றேன்.

கோமளா என்னைப் பார்த்தாள். "நீங்க ஓட்டுங்க அண்ணி."

எனக்கு டிராக்டர் ஓட்டத் தெரியும் என்பது என்னையும் அவரையும் தவிர யாருக்கும் தெரியாது. கல்யாணமான புதிதில் மாமியார் கோயிலுக்குப் போகிற சமயமாகப் பார்த்துக் கொல்லையில் அவர் சொல்லிக் கொடுப்பார். ஊர் பார்க்க ஓட்டியதே இல்லை. அண்ணன் எல்லாவற்றையும் தங்கையிடம் உளறி வைத்திருக்கிறார்.

புடவையைச் செருகிக்கொண்டு ஏறினேன். முதலில் இரண்டு தடவை நின்றுபோனது. அப்புறம் போயிற்று. தெருவில் பால் கேனோடு வந்த பெண்கள் ஒதுங்கி நின்று பார்த்தார்கள். நான் யாரையும் பார்க்கவில்லை. கோமளா பின்னால் நடந்து வந்துகொண்டு எல்லோருக்கும் பதில் சொன்னாள்.

ஜனவரி 23, வெள்ளி

முழுநாளும் துரு. ஐந்து சக்கரத்தில் ஒன்றுகூடச் சுற்றவில்லை. டீசலில் நனைத்த துணியைச் சுற்றி வைத்து, இடையிடையே தட்டிக்கொடுத்து, சாயங்காலம் முதல் சக்கரம் கிறீச்சென்று நகர்ந்தது. கோமளா அதைச் சும்மாவே பத்துச் சுற்று சுற்றினாள். கிரீஸ் அடித்ததும் சத்தமும் போயிற்று.

பாதிக் கம்பிப் பல் ஒடிந்தும் வளைந்தும் கிடந்தது. மன்னார்குடியில் இரண்டு கடைக்குப் போன் செய்தோம், கிடைக்கவில்லை. ஐந்தாவது சக்கரத்தைக் கழற்றி அதன் பல்லை எல்லாம் மற்ற நாலுக்கும் மாட்டிவிடலாம் என்றேன். கோமளா அப்படியே நின்று யோசித்துவிட்டு, கம்பெனியில் பழைய தையல் மெஷினை இப்படித்தான் செய்வோம் என்றாள். உடனே ஸ்பேனரை எடுத்துக்கொண்டு ஐந்தாவது சக்கரத்தின் பக்கம் குனிந்தாள்.

கம்பெனியிலிருந்து இவளுக்கு ஒரு போன்கூட வருவதில்லை. சூப்பர்வைசர் வேலை பார்ப்பவளுக்கு இத்தனை நாளில் ஒருவராவது கூப்பிட மாட்டார்களா. எனக்கென்ன. நான் கேட்கவில்லை.

உப்பு ஜாடி அதன் பழைய இடத்தில் இருக்கிறது. சர்க்கரையும். யாரும் சொல்லவில்லை, அவளாகவே மாற்றியிருக்கிறாள். அவசரத்தில் கையை விட்டேன், கை புது இடத்துக்கே பழகிப்போய் இன்றைக்கும் காபி கெட்டது.

ஜனவரி 24, சனி

தோல்வி. எழுதக்கூடக் கை வரவில்லை, ஆனாலும் எழுதுகிறேன்.

மேடான கால் ஏக்கரில் ஈரம் வற்றியிருந்தது, அங்கே இறக்கினோம். சக்கரம் சுற்றியது. சுற்றிய வேகத்தில் தாளடியையும் மண்ணையும் பெயர்த்து வைக்கோலின் மேலேயே கொட்டியது. திரும்பிப் பார்த்தால் உழுத மாதிரி கோடு. வரப்பில் குடையோடு நின்ற ஜெகநாதன் மாமா, நான் சொன்னேனே என்று சொல்லவில்லை. சொல்லியிருந்தால் தேவலை.

சீப்பைச் சற்றுத் தூக்கிப் பார்ப்போம் என்று டிராக்டர் லிவரைத் தூக்கினேன். இப்போது பல் வைக்கோலின் மேலாகத் தடவிக்கொண்டு போனது, அடியில் இருந்த ஈரம் அப்படியே. இறக்கினால் மண், தூக்கினால் காற்று. நடுவில் ஒரு இடம் இருக்க வேண்டும், அது எங்கே என்று தெரியவில்லை.

தப்பு லிவரில்தான் என்றேன் நான். சக்கரம் நிற்கிற கோணத்தில்தான் என்றாள் கோமளா. எங்கள் சத்தத்துக்குக் கொக்கெல்லாம் பறந்தது. நீ இரண்டு நாளில் பஸ் ஏறப் போகிறவள், வைக்கோல் இல்லாமல் மாட்டோடு நிற்கப் போவது நான்தானே என்று சொல்லிவிட்டேன். அவள் ஸ்பேனரைத் துடைக்க ஆரம்பித்தாள்.

அந்த நேரம் பார்த்து அவர் வீடியோவில் வந்தார். சீப்பைக் காட்டச் சொன்னார். காட்டினேன். மஸ்கட்டில் உட்கார்ந்துகொண்டு, அந்தப் போல்டை இடது பக்கம் திருப்பு என்றார். எந்தப் போல்ட் என்று கோமளா கேட்டாள். அதுதான், அந்தப் போல்ட் என்றார். நான் போனைத் தூக்கி ஆகாயத்தைக் காட்டினேன். இப்போ தெரியுதா அண்ணா என்று கோமளா கேட்க, ஆங், இப்போ நல்லாத் தெரியுது, அதேதான் என்றார். இரண்டு பேரும் வரப்பில் உட்கார்ந்துவிட்டோம். சிரித்துச் சிரித்து வயிறு வலித்தது. அவருக்குக் கடைசிவரை எதற்கென்று விளங்கவில்லை.

மாதேஸ்வரன் கிளம்ப இன்னும் நாலு நாள்.

ஜனவரி 25, ஞாயிறு

ஓடுகிறது. சீப்பு ஓடுகிறது.

விடிந்ததும் எழுந்து பார்த்தால் கோமளா வாசலில் சீப்புக்கு அடியில் படுத்திருந்தாள். காபி கொண்டுபோய் வைத்துவிட்டு நானும் குனிந்து பார்த்தேன். ஒவ்வொரு சக்கரமும் தனித்தனிக் கையில் தொங்குகிறது, கைக்கு ஒரு ஸ்பிரிங். அந்தக் கை ஒவ்வொன்றையும் கனமான கட்டுக்கம்பியால் சட்டத்தோடு இறுக்கிக் கட்டியிருந்தது. துருவும் சேறும் சேர்ந்து சட்டத்தின் நிறத்திலேயே இருந்ததால், இரண்டு நாளாகத் தேய்த்தும் அது தனிக் கம்பி என்று எங்களுக்குப் படவில்லை.

ஜெகநாதன் மாமாவை அழைத்து வந்து காட்டினோம். அவர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பார்த்தார். சக்கரம் மேலேயும் கீழேயும் குதிக்கிறதே, ஏதோ கோளாறு என்று அவர்தான் கட்டினாராம். குதிக்கத்தான் அந்த ஸ்பிரிங்கே என்று எனக்கு அப்போதுதான் உறைத்தது. மேடு வந்தால் சக்கரம் தானாக ஏற வேண்டும், பள்ளத்தில் தானாக இறங்க வேண்டும். கட்டிப்போட்டால் மேட்டில் மண்ணைத்தானே பெயர்க்கும்.

கம்பிகளை அவரே கட்டர் கொண்டுவந்து வெட்டினார். அந்த இரண்டு வருஷமும் நான் இதைத் திட்டாத நாள் இல்லையே என்று அவருக்கே சிரிப்பு.

மற்றதெல்லாம் பொறுமை வேலைதான். ஸ்பிரிங் தொய்ந்திருந்தது, கொக்கியை அடுத்த துளைக்கு மாற்றினோம். சட்டம் முன்பக்கமாகக் கவிழ்ந்து நின்றது, டிராக்டரோடு மேலே இணைக்கிற டாப் லிங்க்கைத் திருகி நீட்டி நேராக்கினோம். கோமளா சொன்ன மாதிரி கோணத்தை ஒரு துளை தள்ளி, நான் சொன்ன மாதிரி லிவரையும் கொஞ்சம் தூக்கி வைத்தோம். ஆக லிவரும் சரி, கோணமும் சரி. இதை அவளிடம் சொல்லவில்லை, இங்கே எழுதுகிறேன்.

வயலில் இறக்கிக் கொஞ்ச தூரம் ஓட்டுவேன், நிறுத்துவேன். அவள் மண்டி போட்டுப் பார்த்து, இன்னும் கொஞ்சம் அண்ணி என்பாள். மறுபடி ஸ்பேனர். கம்பி தரையைத் தொட்டும் தொடாமலும் போக வேண்டும், மண்ணில் கீறல் விழக்கூடாது. எத்தனை தடவை இறங்கி ஏறினேன் என்று தெரியாது. கடைசியில் ஒரு தடவை ஓட்டிக்கொண்டே இருந்தேன், நிறுத்து என்று குரல் வரவில்லை. திரும்பிப் பார்த்தால் நாலு சக்கரமும் மெதுவாகச் சுற்ற, வைக்கோல் ஒன்றிடமிருந்து ஒன்று வாங்கிக்கொண்டு, உருண்டு, அடிப்பக்கம் மேலே வந்து விழுந்துகொண்டிருந்தது. ஈரமான பக்கத்திலிருந்து ஆவி கிளம்பியது. கோமளா இடுப்பில் கை வைத்துக்கொண்டு நடுவயலில் நின்றாள், முகமெல்லாம் கறுப்பு.

பொழுது சாய்வதற்குள் நாலு ஏக்கரும் புரண்டு கிடந்தது. வீட்டுக்கு வந்து கோழி அடித்தோம்.

ஜனவரி 26, திங்கள்

நல்ல வெயில். இன்னொரு தடவை புரட்டினோம். பள்ளிக்கூடத்தில் கொடியேற்றம் முடிந்து போனவர்கள் எல்லாம் வரப்பில் நின்று வேடிக்கை பார்த்தார்கள். தமிழரசன் பொண்டாட்டியா ஓட்டுறது என்று ஒருவர் கேட்டது காதில் விழுந்தது. செந்தாமரை ஓட்டுறாங்க என்று கோமளா பதில் சொன்னதும் விழுந்தது.

ஜனவரி 27, செவ்வாய்

காலையில் கோணத்தை மாற்றி வரிசையாகக் கூட்டினோம். வயல் தலை வாரிய மாதிரி ஆயிற்று. மாதேஸ்வரன் கையை உள்ளே விட்டுப் பார்த்து, உடனே மெஷினை இறக்கினார். மொடமொடவென்று காய்ந்த கட்டுகள். வைக்கோல்போர் போடுகிற இடம் நிறைந்து, அடுக்க இடமில்லாமல் மாட்டுக்கொட்டகை ஓரத்திலும் அடுக்கியிருக்கிறோம். சின்னப் பசு ஒரு கட்டை இழுத்துப் பிரித்துத் தானே ஆரம்பித்துவிட்டது.

மாதேஸ்வரன் போகும்போது கேட்டார். ஊரில் இன்னும் பத்துப் பன்னிரண்டு பேர் வைக்கோல் ஈரத்தோடு கிடக்கிறதாம், நீங்கள் புரட்டிப் போட்டுக் கொடுத்தால் ராமநாதபுரத்தைத் தள்ளி வைத்துக்கொண்டு கட்டிக் கொடுக்கிறேன் என்றார். நான் வாயைத் திறப்பதற்குள் கோமளா சொன்னாள், அவள் வியாழக்கிழமை திருப்பூர் போக வேண்டுமாம், லீவு முடிகிறதாம்.

போகட்டும். போக வேண்டியவள்தானே.

மூன்றாவது சக்கரத்தில் ஏதோ சத்தம் வருகிறது என்று அவளிடம் சொன்னேன். வந்து சுற்றிப் பார்த்தாள். இல்லையே அண்ணி என்றாள். எனக்குக் கேட்டது.

ஜனவரி 28, புதன்

சாயங்காலம் அவள் துணி மடித்துக்கொண்டிருந்தாள். நான் வாசற்படியில் நின்றேன். ஃபேன் வயரைச் சுற்றிப் பைக்குள் வைக்கப் பார்த்தாள், பை மூடவில்லை. பிடித்துக்கொள்ளட்டுமா என்றேன். பிடித்துக்கொண்டேன். அப்படியே கேட்டேன்.

"எந்தக் கம்பெனிக்குப் போறே கோமளா?"

அவள் ஜிப்பையே பார்த்துக்கொண்டிருந்தாள். ஏன் அண்ணி, எங்க கம்பெனிக்குத்தான் என்றாள்.

"பொங்கலுக்கு வர்றவ ஃபேனைத் தூக்கிக்கிட்டு வருவாளா?"

ஜிப்பிலிருந்து கையை எடுத்தாள். அப்புறம் சொன்னாள். ஆர்டர் இல்லையென்று கார்த்திகையிலேயே கம்பெனியை மூடிவிட்டார்களாம். ரூமைக் காலி செய்துவிட்டுத்தான் வந்திருக்கிறாள். தோழி ஒருத்தியோடு தங்கிக்கொண்டு வேறு வேலை தேடுவதாக உத்தேசம். அண்ணன் கடல் கடந்து கிடக்கிறார், அண்ணி ஒத்தை ஆளாக மாடும் வயலும் பார்க்கிறாள், அவள் தலையில் நானும் போய் ஏறுவதா என்று நினைத்தாளாம். உப்பு ஜாடியை நகர்த்தியதற்கே நான் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டேனாம்.

"எப்ப தெரியும் உங்களுக்கு?"

"நீ ஆட்டோவை விட்டு இறங்குன அன்னிக்கே."

"அப்ப ஏன் கேக்கல?"

"கேட்டா நீ சொல்லுவே. சொல்லிட்டா அடுத்த பஸ்ஸுல போயிடுவே. கேக்காம இருந்தா லீவு நீண்டுக்கிட்டே போகும்ல."

இதை நான் சொல்வேன் என்று நானே நினைக்கவில்லை. இத்தனை நாள் இந்த டைரியில்கூட எழுதாததை அவளிடம் சொல்லிவிட்டேன். அவள் பையின் மேலேயே உட்கார்ந்து அழுதாள். ஃபேன் உடையப் போகுது, எந்திரி என்றேன். எழுந்தாள்.

மாதேஸ்வரனுக்குப் போன் செய்து, நாளைக்குக் காலையில் எந்த வயல் என்று கேட்டேன்.

ஜனவரி 30, வெள்ளி

கீழத்தெருவில் இரண்டு வயல். ஒரு பிடிவாதக்காரர் வைக்கோலைக் கொளுத்தத் தீப்பெட்டியோடு நின்றவர், எங்களைப் பார்த்ததும் பீடியைப் பற்ற வைத்துக்கொண்டு ஓரமாக உட்கார்ந்துவிட்டார். கோமளாவுக்கு டிராக்டர் ஓட்டச் சொல்லிக் கொடுக்கிறேன். என்னைவிட மோசம். வரப்பு ஒன்று காலி.

பிப்ரவரி 4, புதன்

வயல் வேலைக்கு இன்று அரை நாள் லீவு விட்டு, ரேஷன் கார்டில் கோமளா பெயரைச் சேர்க்க மன்னார்குடி போனோம். கம்ப்யூட்டருக்கு முன்னால் இருந்த பெண், குடும்பத் தலைவருக்கு இவங்க என்ன உறவு என்று கேட்டாள். கார்டில் நான்தான் தலைவர். நாத்தனார் என்றேன். அவள் மேலேயும் கீழேயும் தேடிவிட்டு, நாத்தனார்னு இதுல இல்லையேக்கா, இதரர்னு போட்டுடவா என்றாள்.

"இதரர் எல்லாம் வேணாம். தங்கச்சின்னு இருக்கா பாரு."

இருந்தது. கோமளா கண்ணாடிக் கதவு வழியாக ரோட்டைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

அப்புறம் கைரேகை வைக்கச் சொன்னார்கள். அவள் கட்டைவிரலை மெஷின் எடுக்கவில்லை. துடைத்துவிட்டு வைத்தாள், எடுக்கவில்லை. என்னை வைக்கச் சொன்னார்கள், என்னுடையதும் விழவில்லை. ரேகைக்குள் எல்லாம் கிரீஸ் போய் உட்கார்ந்திருக்கிறது, சோப்புக்கும் அசையவில்லை, டீசலுக்கும் அசையவில்லை. அந்தப் பெண் எங்கள் நாலு கையையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, என்ன வேலைக்கா பார்க்குறீங்க என்று கேட்டாள். சொன்னோம். அவளுக்குச் சிரிப்பு தாங்கவில்லை.

கை சுத்தமானதும் வாங்க, ரெண்டே நிமிஷம்தான் என்றாள்.

நாளைக்கு மூன்று வயல் பாக்கி இருக்கிறது, அதற்கப்புறம் பக்கத்து ஊரிலும் கூப்பிட்டிருக்கிறார்கள், கை இப்போதைக்குச் சுத்தமாகாது என்று கோமளா அவளிடம் விளக்கிச் சொல்லிக்கொண்டிருந்தாள். பஸ்ஸுக்கு நேரமாகிறது, வீட்டுக்குப் போய்ப் பால் கறக்க வேண்டும் என்று அவளை இழுத்துக்கொண்டு வந்தேன்.